பார்த்ததுக்கும் செய்ததுக்கும் நடுவுல: லினக்ஸ் நெட்வொர்க் கோடும் ரேஸ் கண்டிஷனும்

கெர்னல் பத்தி ஒரு எபிசோடு போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கீங்க. மொத்தக் கெர்னலையும் அரை மணி நேரத்துல பேசி முடிக்க முடியாது. அதனால இன்னைக்கு ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கலாம். ரேஸ் கண்டிஷன். அதுலயும் லினக்ஸ் கெர்னலோட நெட்வொர்க்கிங் பகுதியில வர்ற ரேஸ் கண்டிஷன்.

இதை ஏன் எடுத்தேன்னா, உங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போன்ல ஓடுறது லினக்ஸ் கெர்னல். நீங்க படம் பார்க்கிற, பணம் அனுப்புற சர்வர்கள்ல பெரும்பாலானவற்றிலும் அதுதான். ஒரு பாக்கெட் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அந்த சி கோடு வழியாத்தான் போகணும். அந்தக் கோடுல 2011 ஆகஸ்ட்ல நுழைஞ்ச ஒரு பிழையை 2016 நவம்பர் கடைசியிலதான் சரி பண்ணாங்க. அஞ்சு வருஷத்துக்கும் மேல அது அங்கேயே உட்கார்ந்திருந்துச்சு. மறைச்சு வைக்கல. யார் வேணும்னாலும் திறந்து படிக்கக்கூடிய கோடு அது. அப்புறம் ஏன் யாருக்கும் தெரியல? அதை எப்படிச் சரி பண்ணாங்க? இந்த ரெண்டு கேள்விக்குப் பதில் தெரிஞ்சா, நீங்க எழுதுறது ஒரு சின்ன வெப் ஆப்பா இருந்தாலும் உதவும்.

கடலைமிட்டாய்க் கடைக்குப் போவோம்

நான் கோவில்பட்டிக்காரன். அதனால உதாரணம் கடலைமிட்டாய்தான். 2020-ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, சும்மா இல்ல.

ஒரு கடை. கவுண்டர்ல ஒரு தம்பி நிக்கிறாரு. உள்ளே ஒரு அக்கா போன்ல ஆர்டர் எடுக்கிறாங்க. எத்தனை பாக்கெட் மிச்சம்னு ஒரு நோட்டுல இருக்கு. நோட்டுல இப்போ பத்து. தம்பி நோட்டைப் பார்க்கிறாரு, பத்து இருக்கு. வாடிக்கையாளர்கிட்ட "எட்டுதானே, தர்றேன்"னு சொல்றாரு. அதே நேரத்துல அக்காவும் நோட்டைப் பார்க்கிறாங்க, பத்து இருக்கு. போன்ல இருக்கிறவர்கிட்ட "ஏழு பாக்கெட் எடுத்து வைக்கிறேண்ணே"ங்கிறாங்க. பத்துப் பாக்கெட்டுக்கு ரெண்டு வாக்குறுதி, மொத்தம் பதினஞ்சு. தம்பி சரியாத்தான் பார்த்தார். அக்காவும் சரியாத்தான் பார்த்தாங்க. தனித்தனியா எடுத்துப் பார்த்தா யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டப்பதான் தப்பு வந்துச்சு.

இதுதான் ரேஸ் கண்டிஷன். பேருல 'ரேஸ்' இருக்கிறதால வேகம் பத்தின விஷயம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வேகம் இதுல ரெண்டாம்பட்சம். எது முன்னாடி நடக்கும், எது பின்னாடி நடக்கும்னு யாரும் உறுதி பண்ணாம விட்டதுதான் விஷயம். ஒரு வரிசையில நடந்தா சரியான பதில் வரும், வேற வரிசையில நடந்தா தப்பான பதில் வரும். எந்த வரிசைங்கிறது நம்ம கையில இல்ல.

கரிசக்காட்டுக்காரங்களுக்கு இதை இன்னும் சுருக்கமாச் சொல்லலாம். காலையில நடந்து பார்த்தா தரை கல்லு மாதிரி இருக்கும். மத்தியானம் ஒரு மழை பெஞ்சிருக்கும். காலையில பார்த்ததை நம்பி சாயங்காலம் டிராக்டரை இறக்கினா, சக்கரம் முழுசும் கரிசல் அப்பிக்கிட்டு அங்கேயே நிக்க வேண்டியதுதான். காலையில பார்த்தது பொய் இல்ல. இறக்கும்போது அது உண்மையா இல்ல, அவ்வளவுதான். பார்த்ததுக்கும் செய்ததுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருந்துச்சு. இந்த எபிசோடு முழுக்க அந்த இடைவெளியைப் பத்தித்தான்.

ஒரே ஒரு வரி கோடுலகூட இந்த இடைவெளி இருக்கு. ஒரு எண்ணிக்கையை ஒண்ணு கூட்டுறோம்னு வைங்க. நமக்கு அது ஒரே வேலை. சிபியுவுக்கு மூணு வேலை: மெமரியில இருந்து எடு, ஒண்ணு கூட்டு, திரும்ப வை. ரெண்டு சிபியு ஒரே நேரத்துல எடுத்தா ரெண்டுக்கும் 41 கிடைக்கும். ரெண்டும் 42-னு எழுதும். ரெண்டு தடவை கூட்டியும் ஒரு தடவைதான் ஏறியிருக்கும்.

நெட்வொர்க்கிங்ல மட்டும் ஏன் இவ்வளவு?

கெர்னல்ல எல்லா இடத்துலயும் ரேஸ் வரும். ஆனா நெட்வொர்க்கிங் பகுதி ஒரு பஸ் ஸ்டாண்டு மாதிரி. ஒரு சாக்கெட்டை எடுத்துக்கோங்க. உங்க ப்ரோக்ராமுக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவுல இருக்கிற ஒரு முனைன்னு வச்சுக்கலாம். அதை யாரெல்லாம் தொடுறாங்க?

உங்க ஆப்ல ஒரு த்ரெட் டேட்டா அனுப்பிக்கிட்டு இருக்கும். அதே ஆப்ல இன்னொரு த்ரெட் அதே சாக்கெட்டை மூடிக்கிட்டு இருக்கும். வெளியில இருந்து ஒரு பாக்கெட் வந்து, வேற ஒரு சிபியுவுல இன்டரப்டா இறங்கி, இதே சாக்கெட்டுக்குள்ள வரிசையில நிக்கப் பார்க்கும். நடுவுல ஒரு டைமர் அடிக்கும்: "பதில் இன்னும் வரல, மறுபடி அனுப்பு". அட்மின் ஒருத்தர் ஏதோ ஒரு செட்டிங்கை மாத்துவார். யாரோ யுஎஸ்பி வைஃபை டாங்கிளைப் புடுங்கிடுவாங்க. இத்தனையும் ஒரே மைக்ரோ செகண்டுக்குள்ள நடக்கலாம். இதுல எந்த ரெண்டு எந்த வரிசையில நடந்தாலும் பதில் சரியா வரணும். கோடு எழுதுறவர் தன் வேலையை மட்டும் யோசிச்சா போதாது. நடுவுல யார் யாரெல்லாம் நுழைய முடியும்னு யோசிக்கணும்.

இதுல இன்னொரு சிக்கல், டெஸ்ட் பண்ணா வராது. சாதாரணப் பிழைன்னா அதே இன்புட் கொடுத்தா அதே பிழை வரும். ரேஸ் அப்படி இல்ல. லட்சம் தடவை ஓடும், லட்சத்து ஒண்ணாவது தடவை விழும். சரி, என்ன நடக்குதுன்னு பார்ப்போம்னு ஒரு பிரிண்ட் போட்டா, அந்தப் பிரிண்டே டைமிங்கை மாத்திடும். பிழை ஓடி ஒளிஞ்சுக்கும்.

"இவ்வளவு நாள் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு"ங்கிற வாதம் இங்கே செல்லாது. 2003 ஆகஸ்ட் 14-ஆம் தேதி அமெரிக்காவோட வடகிழக்குப் பகுதியிலயும் கனடாவுல சில பகுதிகள்லயும் கரண்ட் போச்சு. சுமார் அஞ்சு கோடிப் பேர் இருட்டுல. மரத்துல கம்பி உரசினது உட்பட பல காரணங்கள் இருந்துச்சு. ஆனா ஓஹையோ கட்டுப்பாட்டு அறையில அலாரம் வராததால, நிலைமை மோசமாகுதுன்னே அங்கே இருந்தவங்களுக்குத் தெரியல. அந்த அலாரம் சாஃப்ட்வேர்ல இருந்தது ஒரு ரேஸ் கண்டிஷன். அதுக்கு முன்னாடி அந்த சாஃப்ட்வேர் பல இடங்கள்ல சேர்த்து முப்பது லட்சம் மணி நேரத்துக்கு மேல பிரச்சினை இல்லாம ஓடியிருந்தது.

அஞ்சு வருஷம் இருந்த பிழை

இப்போ முதல்ல சொன்ன கதைக்கு வருவோம். இதுக்கு ஒரு நம்பர் உண்டு: சிவிஇ-2016-8655. கண்டுபிடிச்சவர் ஃபிலிப் பெட்டர்சன்.

வயர்ஷார்க், டிசிபிடம்ப் மாதிரி டூல் பயன்படுத்தியிருப்பீங்க. நெட்வொர்க்ல போற பாக்கெட்டை அப்படியே எடுத்துப் பார்க்கிறது. அதுக்குக் கெர்னல் தர்ற வசதிக்குப் பேர் பாக்கெட் சாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியா காப்பி பண்ணிக் கொடுத்தா மெதுவா இருக்கும்னு, ஒரு ரிங் பஃபரை உருவாக்கிக் கொடுப்பாங்க. இந்த ரிங்குக்கு மூணு வெர்ஷன் இருக்கு. 2011-ல வந்த மூணாவது வெர்ஷன்ல புதுசா ஒரு டைமர் சேர்ந்துச்சு. பஃபர்ல ஒரு பகுதி முழுசா நிறையலைன்னாலும், குறிப்பிட்ட நேரம் ஆனதும் அதை ஆப்கிட்ட ஒப்படைக்கிறதுக்கான டைமர்.

இப்போ கவனமாக் கேளுங்க. ரிங்கை உருவாக்கும்போது கோடு பார்க்கும்: வெர்ஷன் மூணா? அப்போ டைமரை வை. சாக்கெட்டை மூடும்போதும் பார்க்கும்: வெர்ஷன் மூணா? அப்போ டைமரை எடு. நியாயமாத்தானே இருக்கு? வெர்ஷனை மாத்துறதுக்குத் தனியா ஒரு வழி இருக்கு. அதுலயும் ஒரு காவல் இருந்துச்சு: ரிங் ஏற்கெனவே இருந்தா வெர்ஷனை மாத்த விடாதே. அதுவும் நியாயம்தான்.

இடைவெளி எங்கேன்னா, அந்தக் காவலுக்கும் மாத்துறதுக்கும் நடுவுல. பேப்பர் எடுத்து ரெண்டு பத்தி போடுங்க. இடது பக்கம் முதல் த்ரெட், வலது பக்கம் ரெண்டாவது த்ரெட். முதல் த்ரெட் ரிங்கை உருவாக்க ஆரம்பிக்குது. வெர்ஷன் மூணுன்னு பார்த்து டைமரை வச்சிடுச்சு. ஆனா 'ரிங் ரெடி'ங்கிற குறிப்பை இன்னும் எழுதல. அந்த நேரம் பார்த்து ரெண்டாவது த்ரெட் வெர்ஷனை ஒண்ணுன்னு மாத்தச் சொல்லுது. காவல் பார்க்குது. ரிங் இல்ல. சரின்னு மாத்திடுது. அப்புறம் முதல் த்ரெட் 'ரிங் ரெடி'ன்னு எழுதுது. கடைசியில சாக்கெட்டை மூடுறாங்க. வெர்ஷன் மூணா? இல்ல, ஒண்ணு. அப்போ டைமர் இருக்காதுன்னு முடிவு பண்ணி, எடுக்காம விட்டுடுது. சாக்கெட்டோட மெமரியைத் திருப்பிக் கொடுத்தாச்சு. ஆனா அந்த மெமரிக்குள்ளதான் டைமர் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

நேரம் ஆனதும் டைமர் அடிக்கும். அந்த இடத்துல இப்போ யார் குடியிருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது. அங்கே தனக்கு வேண்டியதை முன்கூட்டியே எழுதி வச்சவர் யாரோ, அவர் சொல்ற கோடைக் கெர்னல் ஓட்டும். அதாவது சாதாரண யூசர் ரூட் ஆகிடலாம். பாக்கெட் சாக்கெட் திறக்கத் தனி உரிமை வேணும்தான். ஆனா உபுண்டு மாதிரி சில டிஸ்ட்ரிபியூஷன்கள்ல சாதாரண யூசரே தனக்குன்னு ஒரு நேம்ஸ்பேஸ் உருவாக்கி, அதுக்குள்ள அந்த உரிமையை வாங்கிக்க முடிஞ்சுச்சு. ஒரே சர்வரைப் பத்துப் பேர் பகிர்ந்துக்கிற இடத்துல இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

திருத்தம் என்ன? சில வரிகள்தான். அந்த சாக்கெட்டுக்குன்னு ஏற்கெனவே ஒரு லாக் இருக்கு. வெர்ஷனை மாத்துற வழியில, லாக்கை எடு, ரிங் இருக்கான்னு பார், இல்லைன்னா மாத்து, லாக்கை விடு. ரிங்கை உருவாக்குற இடத்துலயும் அதே லாக்கை ஆரம்பத்துலயே எடு. இப்போ ஒரு த்ரெட் உள்ளே இருந்தா இன்னொண்ணு வெளியே காத்திருக்கணும். பார்க்கிறதும் செய்றதும் ஒரே வேலையா ஆகிடுச்சு. நடுவுல யாரும் நுழைய முடியாது.

லாக் இருந்தா மட்டும் போதுமா?

போதாது. இதுக்கும் ஒரு உண்மையான கதை இருக்கு. விர்ச்சுவல் மெஷினும் அதை ஓட்டுற ஹோஸ்ட்டும் பேசிக்கிறதுக்கு வி-சாக்கெட்னு ஒண்ணு இருக்கு. 2019 நவம்பர்ல அதுல ஒரு புது வசதி சேர்த்தாங்க. ஒரு சாக்கெட்டுக்கு எந்த ட்ரான்ஸ்போர்ட் வேணுமோ அதை மாத்திக்கலாம். அந்தக் கோடுல லாக் இருந்துச்சு. சரியான லாக்தான். ஆனா ட்ரான்ஸ்போர்ட் எதுன்னு படிக்கிற வரி, லாக் எடுக்கிற வரிக்கு முன்னாடி இருந்துச்சு.

அதாவது, கடையில நோட்டைப் பார்த்து மனசுல வச்சுக்கிட்டு, அப்புறம் போய் நோட்டைக் கையில எடுக்கிறது. கையில எடுக்கிறதுக்குள்ள வேற யாரோ மாத்தியிருப்பாங்க. மனசுல இருக்கிறது பழைய கணக்கு. இதே தப்பு ஒரே ஃபைல்ல அஞ்சு இடத்துல இருந்துச்சு. அலெக்ஸாண்டர் போபோவ் கண்டுபிடிச்சு, 2021 பிப்ரவரியில திருத்தம் போச்சு. நம்பர் சிவிஇ-2021-26708. மையமான திருத்தம் என்ன தெரியுமா? அந்தப் படிக்கிற வரியை லாக்குக்குக் கீழே இறக்கினது. வரி அதேதான், இடம்தான் மாறுச்சு. நாலு பைட் மெமரியைக் கெடுக்கிற இந்தப் பிழையை வச்சு ஃபெடோராவுல ரூட் ஆக முடியும்னு அவரே செஞ்சும் காட்டினார்.

இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது: லாக் போட்டிருக்காங்களான்னு பார்க்கிறது மட்டும் ரிவ்யூ ஆகாது. இந்த லாக் எதைக் காக்குது, எங்கேயிருந்து எங்கே வரைக்கும் காக்குது, முடிவெடுக்கப் பயன்பட்ட ஒவ்வொரு தகவலும் அந்த எல்லைக்குள்ள படிச்சதுதானா? இதைக் கேட்கணும்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்பிட்டா

இதுவரைக்கும் ஒரு மெஷினுக்குள்ள நடந்ததைப் பார்த்தோம். ரெண்டு மெஷினுக்கு நடுவுல ரேஸ் வந்தா? அங்கே பொதுவான லாக்குன்னு ஒண்ணு கிடையாது.

நீங்க நண்பனுக்குப் போன் போடுறீங்க, அதே நேரம் அவனும் உங்களுக்குப் போடுறான். ரெண்டு பேருக்கும் பிஸி. ரெண்டு பேரும் வச்சிட்டு, சரியா ஒரே நேரத்துல மறுபடியும் போடுவீங்க. லினக்ஸ் கெர்னல்ல ஆர்டிஎஸ்னு ஒரு நெட்வொர்க் புரோட்டோகால் இருக்கு, ஆரக்கிள்ல இருந்து வந்தது. அதை டிசிபி மேல ஓட்டும்போது ரெண்டு மெஷினும் ஒரே நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டா ரெண்டு இணைப்பு உருவாகும். ஒண்ணைத்தான் வச்சுக்கணும். நான் ஒண்ணை மூடி, நீ இன்னொண்ணை மூடினா, ரெண்டும் போச்சு.

இதுக்கு வச்ச தீர்வு ஒரு விதி. ரெண்டு மெஷினோட ஐபி முகவரியையும் எண்ணா ஒப்பிட்டுப் பார்த்து, எந்த இணைப்பு நிக்கணும்னு முடிவு பண்றது. ரெண்டு பக்கமும் அதே ரெண்டு எண்ணைத்தான் ஒப்பிடுது. அதனால ரெண்டு பக்கமும் பேசிக்காமலேயே ஒரே முடிவுக்கு வரும். ஆனா அதுலயும் ஒரு இடைவெளி மிஞ்சுச்சு. ஒரே மெஷினுக்குள்ள, வர்ற அழைப்பை ஏத்துக்கிற கோடும், வெளியே அழைக்கிற கோடும் ஒண்ணை ஒண்ணு முந்த முடியும். 2016-ல சௌமினி வரதன் அனுப்பின திருத்தம் அதை ஒரு மியூட்டெக்ஸ் வச்சு அடைச்சுது. ரெண்டு மெஷினுக்கு நடுவுல விதி, ஒரே மெஷினுக்குள்ள லாக். ரெண்டும் சேர்ந்தாத்தான் முழுத் திருத்தம்.

"எல்லாத்துக்கும் லாக் போட்டா மெதுவாகாதா?"

இதை எப்பவும் யாராவது கேட்பீங்க. ஆகும். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவுல ரொம்ப வருஷம் ஒற்றைப் பாதைதான். கிராஸிங்குக்காக எங்கேயோ ஒரு சின்ன ஸ்டேஷன்ல வண்டியை நிறுத்திப் போட்டு, எதிர்ல வர்ற வண்டி போறவரைக்கும் முறுக்கு சாப்பிட்ட அனுபவம் எங்க ஊர்ல எல்லாருக்கும் உண்டு. பழைய காலத்துல ஒற்றைப் பாதையில டிரைவர் கையில டோக்கன் இருந்தாத்தான் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். டோக்கன் ஒண்ணுதான், அதனால வண்டியும் ஒண்ணுதான். மோதல் வராது. ஆனா காத்திருக்கணும். லாக்கும் இதேதான்.

இப்போ யோசிங்க. ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த வழியா போகணும்னு ஒரு பட்டியலைப் பார்க்கணும். நொடிக்கு லட்சக்கணக்கான தடவை அதைப் படிப்பாங்க. மாத்துறது எப்பவாவது ஒரு தடவை. எப்பவாவது நடக்கிற மாத்தத்துக்காக, படிக்கிற ஒவ்வொருத்தரையும் டோக்கனுக்கு நிக்க வைக்கலாமா?

இங்கேதான் ஆர்சியு வருது. நம்ம ஊர் ஆட்களோட பங்கும் இதுல இருக்கு. யோசனையோட வேர் 1990-கள்ல சீக்வென்ட் கம்பெனியில பால் மெக்கென்னி செஞ்ச வேலையில இருக்கு. அந்தக் கம்பெனியை 1999-ல ஐபிஎம் வாங்கிச்சு. அதை லினக்ஸுக்குள்ள கொண்டுவந்ததுல முக்கியமானவர் ஐபிஎம்மோட பெங்களூரு லினக்ஸ் டீம்ல இருந்த தீபாங்கர் சர்மா. 2002 அக்டோபர்ல, 2.5.43 கெர்னல்ல ஆர்சியு சேர்ந்துச்சு. அப்போ ஐபிவி4 ரூட் பட்டியலைத் தேடுறதுல இருந்த லாக் நெரிசலைக் குறைக்கவும் அவர் அதைப் பயன்படுத்தினார்.

வேலை செய்ற விதம் இப்படி. பஸ் ஸ்டாண்டுல நேர அட்டவணை ஒட்டியிருக்கு. மாத்தணும்னா பழைய தாள் மேல அடிச்சு எழுதாதே. பாதி எழுதும்போது பார்க்கிறவருக்குப் பாதி பழசு, பாதி புதுசுன்னு தெரியும். புதுத் தாளை முழுசா எழுதி முடி. அதை மாட்டு. இனிமே வர்றவங்க புதுசைப் பார்ப்பாங்க. ஏற்கெனவே பழசைக் கையில வச்சுப் படிச்சுக்கிட்டு இருக்கிறவங்க முடிக்கட்டும். கடைசி ஆள் கையில இருந்து இறக்கினதும் பழசைக் கிழி. படிக்கிறவருக்குக் காத்திருப்பே இல்ல. மாத்துறவர் மட்டும் கொஞ்சம் பொறுக்கணும். அந்தப் பொறுக்கிற நேரத்தைக் குறைச்சு, அவசரப்பட்டுக் கிழிச்சா, மறுபடியும் பாக்கெட் சாக்கெட் கதைதான்.

வராத பிழையை எப்படிப் பிடிக்கிறாங்க?

டெஸ்ட்ல வராதுன்னு சொன்னேன். அதனால வரவைக்கிற கருவிகளை எழுதியிருக்காங்க. கூகுள்ல டிமிட்ரி வ்யுகோவ் ஆரம்பிச்ச சிஸ்காலர், கெர்னலுக்குக் கண்டபடி சிஸ்டம் கால்களைக் கலந்து அனுப்பிக்கிட்டே இருக்கும். அதோட தானியங்கி பாட் கிடைச்ச பிழைகளை டெவலப்பர்களுக்கு அனுப்பும். 2020-ல 5.8 கெர்னல்ல சேர்ந்த கேசிசான் இன்னும் சுவாரஸ்யம். ஒரு த்ரெட் மெமரியைத் தொடும்போது, வேணும்னே அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சு, அந்த இடத்தை வேற யாராவது தொடுறாங்களான்னு பார்க்கும். தொட்டா ரிப்போர்ட். இடைவெளியைக் கையால இழுத்துப் பெருசாக்குறது.

அது மாதிரி ரிப்போர்ட் வந்ததும் அவசரப்படக் கூடாது. கெர்னல்ல ரீட்-ஒன்ஸ், ரைட்-ஒன்ஸ்னு ரெண்டு மேக்ரோ இருக்கு. அதைப் போட்டா கம்பைலர் அந்த மதிப்பை இஷ்டத்துக்கு ரெண்டு தடவை படிக்காது, துண்டு துண்டா எழுதாது. 2022-ல ஐபிவி4 செட்டிங்குகளைப் படிக்கிற நிறைய இடங்கள்ல குனியுகி இவாஷிமா இப்படித் திருத்தினார். அட்மின் மாத்துற நேரத்துலயே பாக்கெட் கோடு அதைப் படிக்கும், அதனால அங்கே அது சரியான மருந்து. ஆனா பாக்கெட் சாக்கெட் பிழைக்கு அதைப் போட்டிருந்தா? ரிப்போர்ட் அடங்கியிருக்கும், ஓட்டை அப்படியே இருந்திருக்கும். ஏன்னா அங்கே பிரச்சினை ஒரு மதிப்பைப் படிக்கிறதுல இல்ல. ரெண்டு விஷயம் சேர்ந்து உண்மையா இருக்கணும்ங்கிறதுல.

எச்சரிக்கையை அடக்குறது வேற, பிழையைத் திருத்துறது வேற. முன்னாடி நான் இருந்த ஒரு டீம்ல ஒரு டெஸ்ட் எப்பவாவது ஃபெயில் ஆகும். "ரீட்ரை போட்டுடலாம்"னு முடிவாச்சு. பில்ட் பச்சையாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போனோம். சில மாசம் கழிச்சு ஒரு வாடிக்கையாளர் கணக்குல ஒரே பணம் ரெண்டு தடவை எடுத்திருந்துச்சு. அந்த டெஸ்ட் அத்தனை நாளும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. ஸ்லீப் போடுறது, ரீட்ரை போடுறது, இன்னொரு தடவை செக் பண்றது, இதெல்லாம் இடைவெளியைச் சின்னதாக்கும். மூடாது. சின்ன இடைவெளி இன்னும் மோசம், ஏன்னா அப்புறம் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கடைசியா, காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு. கெர்னல்னா ஏதோ பெரிய ஊர்ல, பெரிய லேப்ல இருக்கிறவங்க வேலைன்னு கோவில்பட்டியில இருந்தப்போ எனக்கும் தோணியிருக்கு. நெட்வொர்க்கிங் பகுதியில போன ரேஸ் திருத்தங்களை எடுத்துப் படிங்க. கிட் ரெப்போவை டவுன்லோட் பண்ணி, கமிட் மெசேஜ்ல 'ரேஸ்'ங்கிற சொல்லைத் தேடினா போதும். நல்ல மெசேஜ்கள்ல பார்ப்பீங்க, இடது பக்கம் சிபியு பூஜ்யம், வலது பக்கம் சிபியு ஒண்ணுன்னு ரெண்டு பத்தி போட்டு, எந்த வரிசையில நடந்தா உடையுதுன்னு படிப்படியா எழுதியிருப்பாங்க. பிழை எந்தக் கமிட்ல நுழைஞ்சுச்சுன்னு ஒரு வரி இருக்கும். இந்த ஆளுக்கு எத்தனை வருஷ அனுபவம், எந்தக் காலேஜ்னு அங்கே எந்த வரியும் கிடையாது. அந்த ரெண்டு பத்தி சரியா இருக்காங்கிறதுதான் கணக்கு. அதுக்குத் தேவை ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு பேப்பரும்.

வாரத்துக்கு ஒரு திருத்தம் எடுங்க. விளக்கத்தை மூடி வச்சுட்டு, மாறின வரிகளை மட்டும் பார்த்து, அந்த ரெண்டு பத்தியை நீங்களே எழுதிப் பாருங்க. அப்புறம் ஒப்பிடுங்க. உங்க வேலையில அடுத்த தடவை 'இருக்கான்னு பார், இருந்தா செய்'ங்கிற மாதிரி ஒரு கோடு வந்தா, பக்கத்துல ஒரு கேள்வி எழுதுங்க: பார்த்ததுக்கும் செய்ததுக்கும் நடுவுல யார் நுழைய முடியும்? யாருமே முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு ஒரு வரி கமென்ட் போடுங்க. அந்த ஒரு வரியை எழுத முடியலைன்னா அங்கே பிழை இருக்கு.

அப்புறம், போன்ல செக்யூரிட்டி அப்டேட் வந்து காத்துக்கிட்டு இருந்தா இன்னைக்கு நைட்டே போட்டுடுங்க. யாரோ ஒருத்தர் ரெண்டு பத்தி போட்டு உட்கார்ந்து யோசிச்சது அதுக்குள்ள இருக்கு. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.